கம்பியில் கோத்த கடுதாசிகள்

கடலூர் ஓ.டி. என்கிற பழைய நகரத்திலோ, சிதம்பரம் தேர் வீதிகளுக்குப் பின்னாலோ, பரங்கிப்பேட்டையிலோ பழைய ஓட்டு வீட்டை இடிப்பதற்கு முன் சாமான்களை வெளியே எடுத்துப் போடும்போது ஒரு பொருள் கட்டாயம் கண்ணில் படும். ஒன்றரை அடி நீள இரும்புக் கம்பி. அடியில் வட்டமாக ஒரு மரத்துண்டு, மேல்முனை கொக்கி போல் வளைந்திருக்கும். அது உத்தரத்து ஆணியில் தொங்கும். வந்த கடிதத்தைப் படித்து முடித்ததும் நடுவில் ஒரு குத்து குத்திக் கீழே தள்ளிவிடுவார்கள். வரி கட்டிய ரசீது, வைத்தியர் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, மலாயாவிலிருந்து வந்த கடுதாசி எல்லாம் ஒரே கம்பியில்தான்.

அந்தக் கம்பியைப் பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு முன், அதிலிருக்கும் கடல் கடந்த கடிதங்களை எப்படிப் படிப்பது என்று சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை. எழுத்துக் கூட்டிப் படித்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. படித்தால் எல்லாக் கடிதமும் ஒரே மாதிரி இருக்கும்: நான் நலம், நீங்கள் நலமா, பணம் அனுப்பியிருக்கிறேன், வேறு விசேஷம் இல்லை. விஷயம் அந்த வரிகளில் பாதிதான் இருக்கிறது. மீதி தாளிலும் தபால் முத்திரையிலும், எழுதியவர் யார், வாசித்துக் காட்டியவர் யார் என்பதிலும், இரண்டு கடிதங்களுக்கு நடுவே விழுந்த இடைவெளியிலும் இருக்கிறது.

முதலில் இவர்கள் யார் என்று பார்த்துவிடலாம். பழைய தென்னாற்காடு ஜில்லா, தஞ்சாவூர், திருச்சி, சேலம், வடாற்காடு போல, மலாயா ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய ஜில்லாக்களில் ஒன்று. 1910இல் மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை நின்றபின் கங்காணி முறையே பிரதானமாயிற்று. தோட்டத்தில் வேலை பார்க்கும் கங்காணி லைசென்ஸ் வாங்கிக்கொண்டு தன் சொந்த ஊருக்கு வந்து, தன் சொந்தபந்தத்திலும் தெருவிலும் ஆள் திரட்டுவார். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பல். வங்காள விரிகுடாவைத் தாண்டினால் பினாங்கு. ஏறக்குறைய ஒரு வாரப் பயணம். ‘ரஜூலா’ என்ற கப்பலின் பெயர் இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு இன்னும் மறக்கவில்லை; 1926 முதல் 1973 வரை அது ஓடியது. அதற்குப் பின் வந்த கப்பலின் பெயரே ‘சிதம்பரம்’. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அதோடு அந்தக் கப்பலின் ஓட்டமும் முடிந்தது.

கங்காணி தன் ஊரிலிருந்தே ஆள் கூட்டிப் போனதால் ஒரு விளைவு உண்டு. ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது கூலிக்காரர் வரிசை வீடுகளில், இருப்பவர்கள் பாதிப் பேர் ஒரே ஊர்க்காரர்களாக இருப்பார்கள். ஆகவே ஒருவருக்கு வந்த கடிதம் லயம் முழுவதற்கும் வந்த மாதிரி. இங்கேயும் அப்படித்தான். 1931இல் சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பத்தில் ஒருவர் அளவுக்கே இருந்தார்கள். அங்கே எழுதிக் கொடுத்தவர் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியாகவோ பள்ளிக்கூட வாத்தியாராகவோ இருப்பார். இங்கே வாசித்துக் காட்டியவர் திண்ணைப் பள்ளி வாத்தியார், கணக்குப்பிள்ளை, இல்லையென்றால் கடிதத்தைக் கொண்டுவந்த தபால்காரரே. அண்ணன் தம்பிக்கு எழுதினாலும் நடுவில் குறைந்தது இரண்டு பேர் காது இருந்தது.

இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால்தான் கடிதத்தின் மொழி பிடிபடும். யாருடைய சொந்தக் கடிதத்தையும் எடுத்து வைக்க எனக்கு மனமில்லை. அந்தக் காலக் கடிதங்களின் வார்ப்பில் நானே ஒன்று கட்டித் தருகிறேன்:

‘உ. முருகன் துணை. அன்புள்ள அண்ணன் அவர்களுக்குத் தம்பி எழுதிக்கொண்டது. நான் இங்கு சுகம். தங்கள் சுகத்துக்கும் அம்மா, அண்ணி, பிள்ளைகள் சுகத்துக்கும் எழுதவும். தாங்கள் பங்குனி மாதம் 4ந் தேதி எழுதிய கடுதாசி கிடைத்தது. நிற்க. ரூபாய் இருபது மணியார்டர் செய்திருக்கிறேன். பெற்றுக்கொண்டு மறுதபாலில் எழுதவும். இங்கே ஒரு மாதமாக மழை. மேலத்தெருக்காரர் ஒருவர் ஊருக்கு வருகிறார். அவர் வசம் எல்லாம் சொல்லியிருக்கிறேன். பிள்ளையின் படிப்பை நிறுத்த வேண்டாம். வேறு விசேஷம் இல்லை. இப்படிக்கு, தங்கள் தம்பி.’

மேலே பிள்ளையார் சுழி. முஸ்லிம் வீட்டுக் கடிதமானால் அந்த இடத்தில் 786 இருக்கும். கிறிஸ்தவ வீட்டில் சிலுவைக்குறி. அடுத்து, அண்ணனின் பங்குனி 4ந் தேதிக் கடிதம் வந்து சேர்ந்தது என்ற வரி. மரியாதைக்கு எழுதிய வரி என்று தாண்டிப் போய்விடாதீர்கள். கப்பல் தபாலில் ஒரு கடிதம் போய்ப் பதில் வர ஒரு மாதம், அதற்கு மேலும் ஆகும். அதற்குள் இரு பக்கமும் இன்னொரு கடிதம் கிளம்பியிருக்கும். நடுக்கடலில் ஒன்றையொன்று தாண்டிப் போகும். எந்தத் தேதிக் கடிதம் கிடைத்தது என்று எழுதினால்தான் எது வழியில் தொலைந்தது என்று மறுபக்கம் தெரிந்துகொள்ள முடியும். இன்று கைப்பேசியில் இரண்டு நீலக்கோடு செய்கிற வேலையை அந்த ஒரு வரி செய்தது.

‘நிற்க’ என்பது சாமர்த்தியமான சொல். குசலம் முடிந்தது, இனி காரியம் என்று அர்த்தம். வாசித்துக் காட்டுகிறவர் அந்த இடத்தில் மூச்சு விட்டு நிமிர்ந்து பார்ப்பார். கேட்கிறவர்கள் நெருங்கி உட்காருவார்கள்.

‘ஒரு மாதமாக மழை.’ வானிலைச் செய்தி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் மழை பெய்தால் ரப்பர் மரம் வெட்ட முடியாது. மரம் ஈரமாக இருந்தால் பால் பட்டையில் வழிந்து வீணாகும். வெட்டு இல்லாத நாளுக்குக் கூலி குறையும். 1920களின் கடைசியில் மலாயா அரசு குறித்த கூலி ஆணுக்கு நாளுக்கு ஐம்பது காசு, பெண்ணுக்கு நாற்பது காசு என்ற அளவில் இருந்தது. ஆகவே ‘மழை’ என்றால் அடுத்த மாதம் பணம் எதிர்பார்க்காதீர்கள் என்று பொருள். அதை நேராக எழுதினால் கிராணிக்கும் தெரியும், இங்கே வாசிக்கிற கணக்குப்பிள்ளைக்கும் தெரியும். கணக்குப்பிள்ளைக்குத் தெரிந்தால் கடன் கொடுத்தவருக்கும் தெரிந்துவிடும்.

‘மேலத்தெருக்காரர் வசம் எல்லாம் சொல்லியிருக்கிறேன்’ என்றால் உண்மையான கடிதம் இது கிடையாது. அது வாய்வழியாக வருகிறது, காத்திருங்கள் என்று பொருள். நோய், தோட்டத்தில் தகராறு, அங்கேயே இன்னொரு குடும்பம் ஏற்பட்டுவிட்டது போன்ற சங்கதிகள் தாளில் ஏறுவதில்லை.

‘பிள்ளையின் படிப்பு’ யாருக்குச் சொன்னது? மனைவிக்கு. கடிதம் மூத்த ஆண் பெயருக்குத்தான் வரும். மனைவி பெயரை அதில் எழுதுவது வழக்கமில்லை. எழுதினால் நாலு பேர் முன் வாசிக்கும்போது அவளுக்குத்தான் கூச்சம். கதவுக்குப் பின்னால் நின்று கேட்கிறவளுக்கு, பிள்ளையைப் பற்றிய ஒரு வரியில் தன்னை நினைத்திருப்பது புரியும். பழைய கடிதக் கட்டைப் பார்த்து ‘பாட்டியைப் பற்றி தாத்தா ஒரு வார்த்தை எழுதவில்லையே’ என்று வருத்தப்படுகிற பேரப்பிள்ளைகள் பிள்ளை, மாடு, கூரை பற்றிய வரிகளை இன்னொரு முறை படித்துப் பார்க்கலாம்.

கடிதத்தை இப்படி நாலு பேர் கூடிக் கேட்பது நம் ஊருக்கு மட்டும் உரிய வழக்கமும் இல்லை. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்தில் பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதே அளவு பேர் கப்பலேறினார்கள். அங்கே கிராமத்துக்கு வருகிற ‘அமெரிக்கக் கடிதம்’ அக்கம்பக்கத்தாரைக் கூட்டி வைத்து வாசிக்கப்பட்டது. உள்ளே பணம் இருக்கும், இல்லாவிட்டால் தம்பிக்கோ தங்கைக்கோ கப்பல் டிக்கெட் இருக்கும். வீட்டில் ஐரிஷ் மொழி பேசியவர்கள் பலருக்கு எழுதத் தெரிந்தது ஆங்கிலம்தான். ஆகவே பேச்சு ஒரு மொழி, கடிதம் வேறு மொழி. பிள்ளை கிளம்புவதற்கு முந்தின இரவு, இறந்தவர் உடலைச் சுற்றி உட்காருவது போல விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். திரும்பி வரப்போவதில்லை என்று தெரியும். நம் ஊரிலிருந்து போனவர்களோ திரும்பி வருவதாகச் சொல்லித்தான் போனார்கள். அதனால்தான் நம் கடிதங்களில் ‘வருகிற தை மாதம்’ என்ற சொல் அத்தனை தடவை வருகிறது. (அயர்லாந்துக்கும் இந்தக் கரைக்கும் உறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1758இல் தேவனாம்பட்டினத்து செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லாலி அயர்லாந்து வம்சாவளி. 1781இல் பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலியோடு மோதிய ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் அயர்லாந்தில் பிறந்தவர். அவர்கள் வீட்டுக்கு என்ன எழுதினார்களோ!)

இனி தாளின் வெளிப்பக்கம். தேதி கிழிந்து போயிருந்தாலும் ஒரு கடிதம் எந்தக் காலத்தது என்று விலாசமே காட்டிக்கொடுக்கும். பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகு எழுதியது; கடலூருக்கு 607, சிதம்பரம் பக்கத்துக்கு 608 என்று தொடங்கும். ‘மெட்ராஸ் ஸ்டேட்’ என்று இருந்தால் பெரும்பாலும் 1969க்கு முன். ‘தெ.ஆ. ஜில்லா’ என்பது நெடுங்காலம் நின்ற விலாசம். 1993 செப்டம்பர் கடைசியில் அந்த ஜில்லாவைப் பிரித்தபோது நம் பக்கத்துக்குத் ‘தென்னாற்காடு வள்ளலார் மாவட்டம்’ என்று பெயர் வைத்தார்கள். சில ஆண்டுகளில் அது கடலூர் மாவட்டம் ஆகிவிட்டது. வள்ளலார் பெயரோடு வந்த வெளிநாட்டுக் கடிதம் இருந்தால் அதன் வயது நான்கைந்து ஆண்டுக்குள் அடங்கிவிடும். பரங்கிப்பேட்டைக்கு ‘போர்ட்டோ நோவோ’ என்று எழுதியிருப்பார்கள். போர்ச்சுக்கீசியர் வைத்த பெயர் அது. தபாலில் ரொம்ப நாள் ஓடியது.

அனுப்பிய ஊரையும் பாருங்கள். ‘போர்ட் ஸ்வெட்டன்ஹாம்’ 1972இல் போர்ட் கிள்ளான் ஆயிற்று. ‘மலாயா’, 1963 செப்டம்பரில் மலேசியா. ‘சிலோன்’, 1972 மே மாதத்திலிருந்து ஸ்ரீலங்கா. ஆனால் ஆட்கள் பழைய பெயரையே பத்து வருஷம் எழுதிக்கொண்டிருப்பார்கள், அதனால் தபால் முத்திரைதான் சரியான சாட்சி. ரங்கூன் கடிதங்களில் ஒரு வேடிக்கை உண்டு. 1937 ஏப்ரல் 1 வரை பர்மா, பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். ஆகவே ரங்கூனிலிருந்து கடலூருக்கு வந்தது உள்நாட்டுத் தபால். தலையில் இந்திய ஸ்டாம்பு இருக்கும். அதற்குப் பிறகு அதே ஸ்டாம்பின் மேல் ‘பர்மா’ என்று அச்சடித்து ஓட்டினார்கள், பின்னர் தனி ஸ்டாம்பு வந்தது. ஸ்டாம்பே ஒட்டாமல் வந்தால் அது ‘பேரிங்’. 1854இலேயே வந்த விதிப்படி வாங்குகிறவர் இரட்டைக் கட்டணம் கொடுக்க வேண்டும். காசு இல்லாமல் பேரிங் அனுப்பியவரும் உண்டு. கொடுக்கக் காசில்லாமல் திருப்பி அனுப்பிய வீடும் உண்டு.

நீல நிற மெல்லிய விமானக் கடிதம், ஏரோகிராம் என்று வழங்கியது, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பரவி, போருக்குப் பின் எங்கும் வழக்கமானது. ஒரே தாள், மடித்தால் அதுவே உறை. உள்ளே எதையும் வைக்கக்கூடாது. ஒரு போட்டோ வைத்தாலும் கூடுதல் கட்டணம். தாள் குறைவு, சொல்ல வேண்டியது நிறைய என்பதால் நான்கு ஓரத்திலும், மடிப்பிலும், ஒட்டும் நாக்கின் உள்பக்கத்திலும்கூட எழுதுவார்கள். அதைப் பிரிக்கிற விதம் தனிக் கலை. பிளேடால் மூன்று பக்கமும் மெல்ல அறுக்க வேண்டும். அவசரத்தில் விரலை விட்டுக் கிழித்தால் கடைசி இரண்டு வரி போய்விடும், அந்த இரண்டு வரியில்தான் வழக்கமாக விஷயம் இருக்கும். எங்கள் வீட்டுக் கம்பியில் இருந்த நீலத் தாள்களில் பாதிக்கு வலது மேல்மூலை இல்லை. ஸ்டாம்பு சேர்க்கிற பிள்ளைகள் கத்தரித்துக்கொண்டது. ஸ்டாம்புக்குப் பின்பக்கம் எழுதியிருந்த சொற்களும் அதோடு போயின. கத்தரித்தவர்களில் நானும் ஒருவன் என்பதால் இதற்கு மேல் கோபப்பட உரிமையில்லை.

கடிதத்தை விட வீட்டார் அதிகம் எதிர்பார்த்த காகிதம் மணியார்டர் பாரம். இந்தியத் தபால் துறை 1880இல் மணியார்டரைத் தொடங்கியது. பாரத்தின் அடியில் செய்தி எழுதச் சிறிய இடம் இருந்தது. தபால்காரர் அந்தத் துண்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போவார். பணம் செலவாகிப் போகும், துண்டு கம்பிக்குப் போகும். கைநாட்டு வைக்கிற வீடானால் சாட்சிக்கு ஒருவர் வேண்டும். பணம் வந்தது தெருவுக்கே தெரிந்துவிடும். தபால்காரருக்குக் காபியோ கையில் ஏதாவதோ கொடுப்பது எழுதாத விதி. இந்தத் துண்டுகளைத் தேதிப்படி அடுக்கிப் பாருங்கள். குடும்பத்தின் கதை அதில் தொகையாக இருக்கும். 1930 வாக்கில் ரப்பர் விலை விழுந்தபோது மலாயாவிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த வருஷங்களில் தொகை சுருங்கி, துண்டு நின்றே போயிருக்கும். ஆளே வந்து இறங்கியிருப்பார்.

கம்பியில் கைவைத்துத் தேடவேண்டிய முக்கியமான இடம் ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடிக்க வருஷக் கணக்கு தெரிய வேண்டும்; பழைய கடிதங்களில் தமிழ் வருஷத்தின் பெயரைத்தான் எழுதியிருப்பார்கள். அறுபது வருஷச் சுழற்சி. 1927 சித்திரையில் பிரபவ வருஷம் பிறந்தது. அங்கிருந்து எண்ணிக்கொண்டு போகலாம். 1941 சித்திரையில் விஷு வருஷம். 1941 டிசம்பரில் ஜப்பான் மலாயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15இல், விஷு வருஷத்து மாசி மாதம், சிங்கப்பூர் விழுந்தது. தபால் நின்றது. விஷுவுக்குப் பிறகு சித்திரபானு, சுபானு, தாரண. இந்த மூன்று வருஷத்துக்கும் கம்பியில் மலாயாக் கடிதம் இருக்காது. மீண்டும் ஆரம்பிப்பது பார்த்திப வருஷத்தில், 1945இன் பிற்பகுதியில். அப்போது வந்த உறையில் ஜார்ஜ் மன்னர் தலைக்கு மேல் பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகத்தின் மூன்றெழுத்து அச்சடித்த ஸ்டாம்பு ஒட்டியிருக்கும். போர் தொடங்கிய 1939இலிருந்து விஷு வரை வந்தவற்றில் சிலவற்றைத் தணிக்கைக்காரர் ஓரமாக வெட்டிப் படித்துவிட்டு, காகிதப் பட்டையால் திரும்ப ஒட்டியிருப்பார். வாசிப்பவர் பட்டியலில் அவர் மூன்றாவது ஆள்.

மூன்றரை வருஷம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் கம்பியில் அது ஒரு அங்குலம்கூட இல்லை. விஷு வருஷத்துத் தாளும் பார்த்திப வருஷத்துத் தாளும் அடுத்தடுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். நடுவில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்பாதை. 1942, 43இல் தோட்டங்களிலிருந்து பிடித்துப் போன தமிழர்கள் காட்டில் காலராவிலும் பட்டினியிலும் ஆயிரமாயிரமாகச் செத்தார்கள். போர்க் கைதிகளாயிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பெயர்ப் பட்டியல் இருந்தது, கல்லறை இருக்கிறது. கூலிகளுக்குப் பட்டியல் இல்லை. ஊரில் இருந்தவர்களுக்குத் தகவல் சொல்ல எந்த அலுவலகமும் கடிதம் போடவில்லை. பல வீடுகளில் பார்த்திப வருஷத்துத் தாளே வரவில்லை; கம்பியில் மலாயாக் கடிதம் விஷுவோடு நின்றுபோயிருக்கும். போனவர் இறந்தாரா, நேதாஜியின் படையில் சேர்ந்தாரா, அங்கேயே குடும்பமாகிவிட்டாரா என்று தெரியாமல் தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று வருஷக்கணக்கில் காத்திருந்த பெண்கள் உண்டு. சாவுச் செய்தி வந்திருந்தால்கூட அதற்குக் காகிதம் இருந்திருக்காது. சாவுக் கடிதத்தை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். வாசலிலேயே நின்று படித்துக் கிழித்துப் போட்டுவிட்டுத் தலை முழுகுவார்கள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய கடிதம்தான் கம்பிக்கு வரும். ஆகவே கம்பியை மட்டும் பார்த்தால் அந்தக் குடும்பத்தில் யாருமே செத்ததில்லை.

பரங்கிப்பேட்டைக் கதை கொஞ்சம் வேறு. அங்கத்து முஸ்லிம்களுக்குக் கடல் வியாபாரம் பழைய தொழில். கீழக்கரை, காயல்பட்டினம் போல இங்கும் அரபுத் தமிழ் வழக்கில் இருந்தது. அரபு எழுத்தில், சில எழுத்துகளைக் கூடுதலாகச் சேர்த்து, தமிழை எழுதுவது. குர்ஆன் ஓதப் படித்த பெண்களுக்கு அரபு எழுத்து ஏற்கெனவே தெரியும். ஆகவே அரபுத் தமிழ்க் கடிதத்தை அவர்களே வாசிக்கலாம், அவர்களே எழுதவும் செய்யலாம். பக்கத்து ஊர்களில் தபால்காரர் வாசித்துக் காட்டக் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் இங்கே ஒரு பெண் தன் கணவர் கடிதத்தைத் தானே அறையில் உட்கார்ந்து படிக்க முடிந்தது என்பது சின்ன விஷயமா? உங்கள் வீட்டுப் பெட்டியில் அரபு எழுத்தில் தாள் இருந்தால் ஓதல் ஏடு என்று முடிவு கட்டிவிடாமல் வாசிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் காட்டுங்கள். வலமிருந்து இடமாக ‘நலம், நலமறிய ஆவல்’ என்று இருக்கலாம்.

1970களில் எண்ணெய் விலை ஏறியபின் பரங்கிப்பேட்டை, லால்பேட்டை, நெல்லிக்குப்பம் ஆட்கள் வளைகுடாவுக்குப் போகத் தொடங்கினார்கள். அங்கே வீட்டுக்கு வீடு தபால் கொண்டுவந்து தருகிற வழக்கம் அப்போது இல்லை. கம்பெனியின் தபால்பெட்டி எண்தான் விலாசம். அதனால் ஊருக்கு வருகிறவர் பையில் கடிதக் கட்டு ஒன்று இருக்கும். மெட்ராஸில் இறங்கி இந்திய ஸ்டாம்பு ஒட்டிப் பெட்டியில் போடுவார். துபாயில் எழுதிய கடிதத்தில் சென்னை முத்திரை இருந்தால் குழம்ப வேண்டாம். டேப்ரிக்கார்டர் வந்தபின் கேசட்டிலேயே பேசி அனுப்பினார்கள். ஒரு பக்கம் அம்மாவுக்கு, மறுபக்கம் மனைவிக்கு. அழுகையும் இருமலும் பக்கத்துக் கட்டிலில் ஒருவர் குறட்டை விடுவதும் சேர்ந்தே பதிவாகி வரும். எழுத்தாளும் வாசிப்பாளும் தேவைப்படாத முதல் கடிதம் அதுதான். பல பெண்கள் முதன்முதலாகக் கணவரிடம் நேரடியாகப் பேசியது அதில். ஆனால் பதில் அனுப்ப அதே கேசட்டில்தான் பேசுவார்கள், பழையது அழிந்துவிடும். கம்பியில் குத்தி வைத்த தாள் நூறு வருஷம் இருக்கிறது. குரல் ஒரு மாதம்தான் இருந்தது. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைப் பிடித்தபோது தபாலும் போனும் நின்று, இந்த ஊர்களில் பலருக்கு விஷு வருஷம் திரும்பி வந்தது. நல்லவேளை, அந்த முறை ஒன்றேமுக்கால் லட்சம் பேர் அளவுக்கு விமானத்தில் கூட்டி வந்தார்கள்.

சிதம்பரத்துக் கணக்கில் எதிர்த்திசைத் தபாலையும் சேர்க்க வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு இலங்கையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் படிக்க வந்தவர்கள் இங்கிருந்து வீட்டுக்கு எழுதினார்கள். மட்டக்களப்புப் பக்கத்துக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1931இல் இங்கே தமிழ்ப் பேராசிரியராகவே வந்தவர். நடராஜர் கோயில் தீட்சிதர்கள் கட்டளைதாரர்களுக்கு ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் பத்திரிகையும், அர்ச்சனை முடிந்தபின் பிரசாதமும் தபாலில் அனுப்புவது இன்றும் உண்டு. உறையைப் பிரித்தால் விபூதி பொட்டலம் உடைந்து மடி முழுக்கக் கொட்டும். கடல் தாண்டிப் போனவர்களுக்கு வருஷத்துக்கு இரண்டு முறை ஊரிலிருந்து நிச்சயமாக வந்த கடிதம் அது. அதில் குடும்பச் செய்தி எதுவும் இல்லை.

இனி, கம்பியில் கை வைக்கிறவர்களுக்குச் சில காரியங்கள். நம் கடற்கரை காகிதத்தின் எதிரி. உப்புக்காற்று, ராமபாணப் பூச்சி போதாதென்று 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம். தேவனாம்பட்டினத்திலும் கிள்ளைப் பக்கத்திலும் பெட்டி பெட்டியாகப் போனது. மிச்சம் இருப்பதைத் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். சூடும் பிளாஸ்டிக்கும் மையைத் தின்றுவிடும். செல்லோடேப் வேண்டவே வேண்டாம், பத்து வருஷத்தில் மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்து உரித்துவிடும். ஸ்டாம்பைக் கத்தரிக்காதீர்கள். உறையையும் தாளையும் பிரித்து வைக்காதீர்கள். முத்திரை இல்லாத தாள் ஊர் பேர் இல்லாத பிணம் மாதிரி. முன்பக்கம், பின்பக்கம், மடிப்பின் உள்பக்கம் என்று மூன்றையும் கைப்பேசியில் படம் எடுத்துவிட்டு, ‘இதை அப்போது யார் வாசித்துக் காட்டினார்கள்’ என்று வீட்டில் மூத்தவரைக் கேட்டு எழுதி வையுங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் ‘நலம்’ என்பார்கள்; யார் வாசித்தார் என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

கழற்றும்போது கொக்கியைக் குறடால் நிமிர்த்திக்கொண்டு, தாள்களை ஒவ்வொன்றாக மேல்பக்கமாக எடுக்க வேண்டும். முதலில் கைக்கு வருவது மின்சார பில்லாகத்தான் இருக்கும். எடுத்த வரிசையிலேயே பின்புறம் பென்சிலால் எண் போட்டு வையுங்கள். கம்பி குத்திய ஓட்டையில் துரு ஏறிப் பழுப்பு வட்டம் ஒன்று இருக்கும், அந்த இடத்தில் ஒரு சொல் போயிருக்கும். அடுத்த தாளைப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். சில சமயம் அந்தச் சொல்லின் மை அதன் முதுகில் ஒட்டியிருக்கும்.